ராத்திரி ஒன்பது மணிக்கும் தளம் சுடுவது ஏன்? கூரை வழியே இறங்கும் வெயில்

மாடிவாசி – ஏப்ரல் 4, இரவு 9:50

150 மி.மீ. காங்கிரீட் தளம், மேலே சிவப்புத் தட்டோடு பதித்தது. நண்பகலில் கீழ் அறை தாங்கும்படி இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வெளியே காற்று தணிந்த பிறகுதான் உள்ளே அனல் ஆரம்பம். தளம் இன்னும் 50 மி.மீ. தடித்திருந்தால் சூடே இறங்காது என்று ஒரு கட்சி. சீலிங்கில் ‘வெப்பத் தடுப்பு’ பெயின்ட் அடித்தால் போதும் என்று இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி?

வாட்டம் – ஏப்ரல் 4, இரவு 10:35

இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போகும்.

முதலில் தடிமன். காங்கிரீட் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அல்ல, சேமித்து வைக்கும் பொருள். அதன் கடத்துதிறன், அதாவது வெப்பம் ஊடே பாயும் அளவு, மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 1.6 வாட். 150 மி.மீ. தளம் தருகிற தடை (மீட்டரில் தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தது) 0.094 மட்டுமே. கீழ்ப்பரப்பை ஒட்டிய காற்றுப் படலத்துக்கு 0.17, மேலே உள்ளதற்கு 0.04 என்று சேர்த்தால் மொத்தம் 0.304. தலைகீழாக்கினால் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 3.3 வாட் உள்ளே வரும். 50 மி.மீ. கூடுதல் காங்கிரீட் போட்டால் அந்த 3.3 வெறும் 3.0 ஆகும். அதற்கு விலையாகச் சதுர மீட்டருக்கு 120 கிலோ பாரம் ஏறும்.

காலதாமதம் கூடுமே என்பீர்கள். கூடும், அதுதான் வம்பு. காங்கிரீட்டில் ஒரு நாள் சுழற்சியின் வெப்ப அலை 100 மி.மீ. கடக்க ஏறக்குறைய 2¾ மணி நேரம், 150 மி.மீ. கடக்க 4 மணி நேரம். மேற்பரப்பு மதியம் ஒன்றரை மணிக்கு உச்சம் தொட்டால் அடிப்பரப்பு மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடும். அங்கிருந்து மெதுவாகத்தான் இறங்கும். 200 மி.மீ. ஆக்கினால் அந்த உச்சம் ஏழு மணிக்கு மேல் தள்ளிப்போகும். படுக்கிற நேரத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதற்கு எதற்கு இத்தனை செலவு? பகலில் மட்டும் ஆள் இருக்கிற கட்டடத்துக்குத் தடித்த தளம் நல்லதுதான். தூங்குகிற அறைக்கு அதே தளம் எதிரி.

பெயின்ட் கதை நாளைக்கு.

தகரடப்பா – ஏப்ரல் 5, காலை 7:15

எங்கள் கட்சியில் இந்தத் தொல்லை கிடையாது. தகரக் கூரை. வெயில் போனால் பத்தே நிமிஷத்தில் ஆறிவிடும். பகலில் ரொட்டி சுடலாம் என்பது ஒன்றுதான் குறை.

வாட்டம் – ஏப்ரல் 5, காலை 8:40

சீலிங் பெயின்ட். வெள்ளை என்பது கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் மட்டும் வெள்ளை. சூடான தளத்திலிருந்து வருவது அகச்சிவப்பு அனல், அதன் அலைநீளம் பத்து மைக்ரான் அளவில். அந்த அலைநீளத்தில் வெள்ளை, நீலம், கறுப்பு என எந்தச் சாதாரண பெயின்டும் 0.9 அளவு வீசுதிறனோடு (முழுமையாக வீசினால் 1) தாராளமாகக் கதிர்வீசும். வெயிலுக்கு வெள்ளை, அனலுக்குக் கறுப்பு. சீலிங்கில் எந்த நிறம் அடித்தாலும் அறைக்குள் இறங்கும் அனல் மாறாது.

‘உள்ளே செராமிக் மணிகள் இருக்கின்றன, அதனால் வெப்பம் கடத்தாது’ என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். இருக்கட்டும். காய்ந்த படலத்தின் தடிமன் அரை மி.மீ. அதன் கடத்துதிறன் தெர்மாகோலுக்குச் சமீபமாக 0.05 என்றே வைத்துக்கொள்வோம். தடை 0.01. பதினாறு மி.மீ. காங்கிரீட் கொடுப்பது அவ்வளவுதான். தடுப்பு என்றால் தடிமன் வேண்டும், அதில் சுருக்குவழி இல்லை.

அதே பெயின்டை மாடியின் வெளிப்பக்கம் அடித்தால் கதை வேறு. அங்கே வேலை செய்வது அதன் நிறம், மணிகள் அல்ல.

வாட்டம் – ஏப்ரல் 5, காலை 11:20

சீலிங் சுடுவது என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் விட்டேன். சூடான பரப்பு மேலே இருக்கும்போது அதை ஒட்டிய காற்று அங்கேயே மிதந்து நிற்கும், கீழே இறங்காது. அதனால் காற்று வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு ஒரு வாட்கூடத் தேறாது, 0.7 அளவில்தான். கதிர்வீச்சாக வருவதோ 6 வாட். சீலிங் 45 டிகிரி, அறையில் மற்றப் பரப்புகள் 32 டிகிரி என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 80 வாட் அளவுக்கு அனல் நேராக உடம்பின் மேலும் கட்டில் மேலும் விழும். சுவரில் மாட்டிய வெப்பமானி 32 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும், உடம்பு ஒத்துக்கொள்ளாது. தலைக்கு மேல் உள்ள பரப்பின் அனல் மற்றப் பக்கங்களைவிட 5 டிகிரிக்கு மேல் கூடினாலே அசௌகரியம் என்பதுதான் வசதி பற்றிய தரநிலைகள் வைத்திருக்கும் வரம்பு.

ஃபேன் போட்டால் என்ன ஆகும் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மேலே மிதந்த சூட்டுக்காற்றைக் கலக்கிக் கீழே தள்ளும், தளத்திலிருந்து காற்றுக்கு இறங்கும் வெப்பத்தையும் கூட்டும். ஜன்னல் திறந்திருந்தால் அது நல்லது, தளம் சீக்கிரம் ஆறும். மூடியிருந்தால் அதே சூட்டைச் சுற்றிச் சுற்றி வீசும். அப்போதும் காற்று 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை தோலுக்கு ஆறுதல்தான், அணைத்துவிட வேண்டாம்.

மாடிவாசி – ஏப்ரல் 5, மாலை 6:05

சரி, தளத்தின் மேலே எவ்வளவு சூடு? கணக்காகச் சொல்ல முடியுமா?

வாட்டம் – ஏப்ரல் 5, இரவு 9:10

முடியும். வெயிலையும் காற்றின் வெப்பத்தையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் வழி இது: காற்றின் வெப்பநிலையோடு, பரப்பு உறிஞ்சும் வெயிலை 17 ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 17 என்பது கூரையிலிருந்து காற்றுக்கும் வானத்துக்கும் வெப்பம் போகும் வேகம், சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட் என்று. பிறகு வானத்தை நோக்கி இழக்கும் அனலுக்காக 4 டிகிரி கழிக்க வேண்டும்.

காற்று 35 டிகிரி, உச்சி வெயில் 950 வாட். கறுத்துப்போன தளம் நூற்றுக்கு 80 உறிஞ்சும். 760ஐ 17 ஆல் வகுத்தால் 45. ஆக 35 + 45 – 4 = 76 டிகிரி. வெள்ளைத் தளம் 25 பங்கு உறிஞ்சினால் 35 + 14 – 4 = 45 டிகிரி. ஒரே வெயில், ஒரே காற்று, முப்பது டிகிரி வித்தியாசம்.

உள்ளே 28 டிகிரி வைத்திருக்கிறோம் என்றால் கறுத்த தளம் வழியே 3.3 × 48, அதாவது சதுர மீட்டருக்கு 158 வாட். நூறு சதுர மீட்டருக்கு 16 கிலோவாட். தலைக்கு மேலே பதினாறு இஸ்திரிப் பெட்டி.

எண்கணக்கன் – ஏப்ரல் 6, காலை 6:30

கடைசிப் பத்தி தப்பு. உச்சி வெயிலின் 76 டிகிரியை எடுத்து, நிலையான ஓட்டத்துக்கான 3.3 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அது தகரத்துக்குப் பொருந்தும், தகரத்துக்கு எடை இல்லை. 150 மி.மீ. தளம் சதுர மீட்டருக்கு 360 கிலோ. அதை ஒரு டிகிரி ஏற்ற 88 வாட்-மணி வேண்டும். உச்சி நேர வெப்பத்தில் பெரும்பகுதி தளத்துக்குள்ளேயே தங்கும். 24 மணி நேர சராசரியை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, வானத்துக்கான அந்த 4 டிகிரி தெளிந்த, வறண்ட வானத்துக்கு. அனல் தப்பிப் போகும் ஜன்னல் 8 முதல் 13 மைக்ரான் வரையிலான அலைநீளம். காற்றில் ஈரம் ஏற ஏற அந்த ஜன்னல் பாதி சாத்திக்கொள்ளும், மேகம் வந்தால் முழுக்கவே. கடலோர ஈரக்காற்றுக்கு 2 போதும்.

வாட்டம் – ஏப்ரல் 6, காலை 8:55

ஒத்துக்கொள்கிறேன். இஸ்திரிப் பெட்டிகளைத் திரும்பப் பெறுகிறேன்.

சராசரிக் கணக்கு. நல்ல வெயில் நாளில் தட்டையான கூரையில் விழுவது சதுர மீட்டருக்கு 6 கிலோவாட்-மணி, 24 மணிக்குப் பரப்பினால் 250 வாட். கிழக்கு, மேற்குச் சுவர்களில் விழுவது இதில் ஏறக்குறைய பாதிதான். வெப்பமண்டலத்தில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் முதல் எதிரி கூரை.

காற்றின் சராசரி 30 டிகிரி, வானத்துக்கு 2 கழிவு. தட்டோடு 70 பங்கு உறிஞ்சும்: 175ஐ 17 ஆல் வகுத்தால் 10.3. தளத்தின் மேல் சராசரி 38.3. வெள்ளைக்கு 25 பங்கு: 3.7, சராசரி 31.7. உள்ளே 28 என்றால் தட்டோடு வழியே சராசரியாகச் சதுர மீட்டருக்கு 34 வாட், வெள்ளை வழியே 12 வாட். நூறு சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 82 யூனிட் வெப்பத்துக்கு எதிராக 29 யூனிட். இது உள்ளே வரும் வெப்பத்தின் யூனிட், ஏ.சி. மீட்டரில் ஓடும் யூனிட் அல்ல. யாரும் பில்லோடு வந்து சண்டை போட வேண்டாம்.

இந்தக் கணக்கில் தளத்தின் தடிமன் எங்கேயும் பெரிதாக வரவில்லை, கவனித்தீர்களா? தடிமன் சூட்டை ஒத்திப்போடும், உச்சத்தை மட்டுப்படுத்தும், சராசரியைத் தொடாது. நிறம் சராசரியையே குறைக்கும். தடுப்புப் பலகை அந்தச் சராசரி உள்ளே வரும் பாதையைக் குறுக்கும். மூன்றும் மூன்று வேலை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

தகரடப்பா – ஏப்ரல் 6, மதியம் 1:30

அப்படியானால் பளபளக்கிற புதுத் தகரம்தான் சிறந்தது. வெள்ளையைவிட நன்றாகத் திருப்புமே. கண்ணே கூசுகிறது.

வாட்டம் – ஏப்ரல் 6, மதியம் 2:10

ஆமாம், புதுத் தகடு வெயிலில் அறுபது எழுபது பங்கைத் திருப்பிவிடும்.

வாட்டம் – ஏப்ரல் 6, மதியம் 2:40

மேலே அரைகுறையாக நிறுத்திவிட்டேன், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். திருப்பும் குணம் ஒன்று, உறிஞ்சியதை அனலாக வீசித் தள்ளும் குணம் இன்னொன்று. வெள்ளை பெயின்டுக்கு இரண்டும் உண்டு. உலோகத் தகட்டுக்கு இரண்டாவது இல்லை, வீசுதிறன் 0.25க்குக் கீழே. உறிஞ்சிய 30, 40 பங்கு வெயிலை வெளியேற்றக் காற்று ஒன்றே கதி. காற்று நின்ற நாளில் வெள்ளை அடித்த தகட்டைவிடப் பளபளத் தகடு நன்றாகவே கூடுதலாகச் சுடும். வெயிலில் நின்ற ஸ்டீல் கைப்பிடியைத் தொட்டால் தெரியும்.

தவிர அந்தப் பளபளப்பு நிலைக்காது. கால்வனைஸ்டு தகடு மங்கி, அழுக்கேறி, துருப்பிடித்தால் உறிஞ்சல் 70, 80 பங்குக்குப் போய்விடும்.

அரை மி.மீ. தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 4 கிலோ. மேகம் விலகினால் சில நிமிடங்களில் 65 டிகிரி. சீலிங் இல்லாமல், அடிப்பக்கமும் துருவேறியோ பெயின்ட் அடித்தோ இருந்தால் அந்த 65 டிகிரித் தகடு 32 டிகிரியில் உள்ள அறையை நோக்கிச் சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்கு மேல் வீசும். ஆக தகரத்துக்கு மருந்து இரண்டு: மேலே வெள்ளை, அடியில் ஃபாயில்.

நிழல்விரும்பி – ஏப்ரல் 6, இரவு 8:00

ஃபாயில் போட்டும் பயன் இல்லை என்று நிறையப் புலம்பல் கேட்கிறோம். ஏன்?

வாட்டம் – ஏப்ரல் 7, காலை 9:30

ஏனென்றால் பாதி இடங்களில் அதை ஒட்டிவிடுகிறார்கள். அலுமினிய ஃபாயில் வெப்பத்தைத் தடுப்பதில்லை, கடத்தும். அதன் திறமை எல்லாம் வீசுதிறன் 0.05 என்பதில்தான், அந்தத் திறமை காற்று இடைவெளியைப் பார்த்திருந்தால் மட்டுமே வெளிப்படும். தகட்டுக்கும் கிளாஸ்வூலுக்கும் (கண்ணாடி இழைப் பஞ்சு) நடுவில் நசுங்கிய ஃபாயில் வெறும் அலங்காரம், அதுவும் யார் கண்ணுக்கும் தெரியாத அலங்காரம்.

குறைந்தது 25 மி.மீ. இடைவெளி, 40, 50 இருந்தால் நல்லது. பளபளப் பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்த பக்கத்தில் ஒரு வருடத்தில் தூசி படியும், தூசியின் வீசுதிறன் 0.9, வேலை முடிந்தது. கீழே பார்த்த பக்கத்தில் தூசி தங்காது. பளபளப்பு சூட்டைப் பார்த்தால்தானே திருப்பும் என்று கேட்பவர்களுக்கு: வீசாத பரப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் இடைவெளியைக் கடக்கும் கதிர்வீச்சு ஒரே அளவுதான் குறையும். ஏற்கும்போது திருப்புவதும் கொடுக்கும்போது கஞ்சத்தனம் காட்டுவதும் ஒரே குணம்.

40 மி.மீ. இடைவெளியில், சூடு மேலிருந்து கீழே இறங்கும்போது, சாதாரணப் பரப்புகளுக்கு நடுவே தடை 0.17 அளவு. ஒரு பக்கம் ஃபாயில் இருந்தால் ஐந்து மடங்குக்கு மேல்.

இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. பகலில் மேலே சூடு, கீழே குளிர்: காற்று அசையாது, கதிர்வீச்சு மட்டும்தான் வழி, அதை ஃபாயில் மறித்துவிடும். இரவில் தகடு ஆறிவிடும், கீழே சூடு: இப்போது காற்று சுழன்று சூட்டை மேலே தூக்கிப்போகும், ஃபாயில் அதை மறிக்காது. பகலில் சாத்தி இரவில் திறக்கிற கதவு. கிளாஸ்வூல் இரண்டு நேரமும் சாத்தியே இருக்கும். ஏ.சி. இல்லாத தகரக் கூரைக்கு ஃபாயிலை முதலில் சொல்வது இதனால்தான்.

எண்கணக்கன் – ஏப்ரல் 7, காலை 10:15

மின்சாரத்தை மறந்துவிட்டீர்கள்.

வாட்டம் – ஏப்ரல் 7, காலை 10:50

மறக்கக் கூடாததை மறந்தேன். ஃபாயில் மின்சாரம் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009-10இல் அரசு மானியத்தில் வீடுகளுக்கு வெப்பத் தடுப்புப் போட்டபோது நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரையடியின் வெப்பம் தாங்காமல். ஃபாயிலை உலோக ஸ்டேப்பிளால் அடித்தபோது வயரில் ஏறியதும் அதில் உண்டு. அங்கே உலோகப் பின்னைத் தடை செய்தார்கள், பிறகு ஃபாயிலையே நிறுத்தினார்கள்.

அதனால் மெயின் சுவிட்ச் அணைத்துவிட்டு ஏற வேண்டும். வயர்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் ஒரு பின்கூட அடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பின், நாடா, அல்லது மரச்சட்டத்தால் அழுத்திப் பிடிக்கலாம். கசிவு மின்சாரத்தில் தானே விழும் பிரேக்கர் இருக்கட்டும். மதியத்தில் கூரையடியில் வேலை வேண்டாம், காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

ஃபாயில் தாள்கள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று 150 மி.மீ. ஏறும்படி வைத்து ஒட்டுங்கள். இரவில் தகடு வானத்துக்கு அனலை இழந்து காற்றைவிடச் சில டிகிரி குளிரும், ஈரக்காற்று அதன் அடியில் வியர்க்கும், அந்தச் சொட்டு ஃபாயில் மேல் விழும். ஃபாயிலுக்கு இறவாணம் பக்கம் வாட்டம் இருந்தால் வழிந்து வெளியே போகும். தொட்டில் மாதிரித் தொங்கினால் நடுவில் குளம்.

நிழல்விரும்பி – ஏப்ரல் 7, மதியம் 12:20

பெயரே வாட்டம் என்று வைத்திருப்பவர் வாட்டம் பற்றிப் பேசாமல் இருப்பாரா.

தகரடப்பா – ஏப்ரல் 7, மாலை 5:45

முகட்டில் காற்றுப் போக வழி விட்டால் ஃபாயிலே வேண்டாமா?

வாட்டம் – ஏப்ரல் 7, இரவு 9:25

வேண்டும். காற்று வழி சூட்டுக் காற்றைத்தான் எடுத்துப் போகும், கதிர்வீச்சு அதைக் கேட்டுக்கொண்டு நிற்காது, நேராகச் சீலிங்குக்குத் தாவும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும். தகட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி, இறவாணத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு, முகட்டில் அதே அளவு இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. கொசுவலை அடித்தால் திறப்பின் பயன் ஏறக்குறைய பாதியாகும், தூசி அடைத்தால் பூஜ்யம். அதனால் கணக்கைவிட இரண்டு மடங்கு திறப்பு விடுங்கள்.

மாடிவாசி – ஏப்ரல் 8, காலை 7:00

தகரம் பக்கம் போய்விட்டோம். காங்கிரீட் தளத்துக்கு வாருங்கள். பலகை போடுவது என்றால் மேலேயா, கீழேயா?

வாட்டம் – ஏப்ரல் 8, காலை 10:00

பொதுவாக மேலே. தடுப்பு மேலே இருந்தால் அந்த 360 கிலோ காங்கிரீட் அறையின் பக்கம் சேர்ந்துவிடும். வெயில் படாத கனம் அறையை நிதானமாக வைத்திருக்கும், வெயிலில் விரிந்து சுருங்குவதும் குறையும், விரிசலும் குறையும்.

50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (தெர்மாகோல் வகைதான், ஆனால் தண்ணீர் எளிதில் ஏறாத கெட்டியான நுரைப் பலகை), கடத்துதிறன் 0.032. தடை 1.56 கூடும், 3.3 என்பது 0.5க்குப் பக்கத்தில் இறங்கும். முதல் 25 மி.மீ. செய்கிற வேலைதான் பெரிது, 50ஐ 100 ஆக்கினால் கிடைப்பது கொஞ்சம்.

வரிசை முக்கியம். தளத்தைச் சுத்தம் செய்து 100க்கு 1 வாட்டம் கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சு. குழாய் வாய்களை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்து, ஒழுகல் இல்லை என்ற பிறகுதான் பலகை. மேலே பலகை வந்தபின் ஒழுகல் கண்டால் இடத்தைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. பலகைகளின் மூட்டுகள் செங்கல் வரிசை போல மாறி மாறி வர வேண்டும், இடையில் சந்து கூடாது. மேலே பிரிப்புத் துணி, அதன் மேல் கோழிவலை வைத்து 40, 50 மி.மீ. தளக்கலவை, இரண்டு மீட்டருக்கு ஒரு வெட்டு மூட்டு. மூட்டு விடாவிட்டால் முதல் கோடையிலேயே அதுவே தன் இஷ்டத்துக்கு மூட்டு விட்டுக்கொள்ளும்.

தெர்மாகோல் மலிவு என்று அதை ஈரம் படும் இடத்தில் போடாதீர்கள், மெல்லத் தண்ணீர் குடிக்கும், குடித்தபின் தடுப்பு இல்லை. கரைப்பான் கலந்த பசை இரண்டு பலகையையும் தின்னும். தார்த் தாள் ஒட்டும் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

எண்கணக்கன் – ஏப்ரல் 8, காலை 11:40

50 மி.மீ. கலவை என்றால் சதுர மீட்டருக்கு 110, 120 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு வழக்கமாக எடுக்கும் பாரமே 150 கிலோதான். ஏற்கெனவே உள்ள தட்டோட்டைப் பெயர்க்காமல் இதை ஏற்றினால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மாடித்தோட்டக்காரர்களுக்கும் அதே: நனைந்த மண் 100 மி.மீ. என்றால் 180 கிலோ. அந்த ஈரமண் தடுப்பாகவும் சுமார்தான், குளிர்ச்சி கொடுப்பது இலை நிழலும் நீராவியும்.

வாட்டம் – ஏப்ரல் 8, மதியம் 12:05

சரி. ‘பொதுவாக மேலே’ என்றதற்கு ஒரு விலக்கும் சொல்லிவிடுகிறேன். இரவில் மட்டும், ஒரே அறையில் மட்டும் ஏ.சி. போடுகிறவர்களுக்குக் கீழே போடுவது நியாயம். தடுப்பு மேலே இருந்தால் ஒவ்வொரு இரவும் அந்தக் காங்கிரீட்டையும் சேர்த்துக் குளிரவைக்க வேண்டும். தளத்துக்கு அடியில் 50 மி.மீ. கிளாஸ்வூல், அதற்கும் கீழே ஜிப்சம் சீலிங் என்றால் ஏ.சி. போட்ட கொஞ்ச நேரத்தில் அறை ஆறும், தளம் மேலே தன்பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும்.

நிழல்விரும்பி – ஏப்ரல் 8, இரவு 7:30

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது?

வாட்டம் – ஏப்ரல் 8, இரவு 8:15

ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் 0.68 கிலோவாட்-மணி எடுத்துப்போகும். வலிமையான ஆயுதம், ஆனால் ஆவியாக வேண்டும். ஒரு சதுர மீட்டரில் விழும் 6 கிலோவாட்-மணி முழுவதையும் தண்ணீராலேயே தீர்க்க 9 லிட்டர், நூறு சதுர மீட்டருக்கு 900 லிட்டர் ஒரு நாளைக்கு. வாளி வாளியாக ஊற்றி வடிகுழாயில் ஓடினால் எதுவும் நடக்காது. மெலிதாகத் தெளித்து, காய்ந்ததும் மறுபடி தெளிக்க வேண்டும். சாக்கு விரித்தால் பிடித்து வைக்கும், கொசுவையும் சேர்த்து. ஈரக்காற்றில் பலன் குறையும். வெள்ளை அடிப்பதற்குத் தண்ணீர் வேண்டாம்.

மாடிவாசி – ஏப்ரல் 9, காலை 6:45

சுண்ணாம்பா, பெயின்டா?

வாட்டம் – ஏப்ரல் 9, காலை 9:20

புதிதாக அடித்த அன்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வெயிலில் 80 பங்கைத் திருப்பும். வித்தியாசம் ஆயுளில். சுண்ணாம்பு ஒரு மழைக்காலம். ரப்பர் தன்மையுள்ள வெள்ளைப் பூச்சு பல வருடம் ஒட்டியிருக்கும், ஆனால் வெண்மை அதற்கு முன்பே போய்விடும். தூசியும் பாசியும் படிந்து 80 என்பது 60 ஆகும். மேலே உள்ள சராசரிக் கணக்கில் உறிஞ்சல் 25க்குப் பதில் 40 போட்டால் 31.7 டிகிரி 33.9 ஆகும், கிடைத்த பலனில் மூன்றில் ஒரு பங்கு காலி. கோடை தொடங்கும் முன் ஒரு முறை தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி திரும்பும்.

சுண்ணாம்பு அடிப்பவர்கள்: நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, துணியில் வடிகட்டிப் பால் பதம். தளத்தை முதலில் நனைக்க வேண்டும், காய்ந்த தளம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு மாவாக உதிரும். மெல்லிய மூன்று பூச்சு. ஒரே தடித்த பூச்சு வெடித்துச் செதில் செதிலாகப் பெயரும். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு சுடும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளையே வேண்டாம், கண் கூசுகிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வெயிலின் ஆற்றலில் பாதி கண்ணுக்குத் தெரியாத அருகலை அகச்சிவப்பு. அதை மட்டும் திருப்பும் நிறமிகள் கலந்த பழுப்பு, சாம்பல் பூச்சுகள் கிடைக்கும். அதே நிறச் சாதாரணப் பூச்சைவிட அவை மேல், வெள்ளைக்குக் கீழ்.

தகரடப்பா – ஏப்ரல் 9, மதியம் 3:10

தகரத்தில் வெளிச்சத்துக்காக நடுநடுவே பிளாஸ்டிக் ஷீட் வைப்பது பரவாயில்லைதானே?

எண்கணக்கன் – ஏப்ரல் 9, மதியம் 3:40

ஒரு சதுர மீட்டர் தெளிந்த ஷீட் உச்சி வெயிலில் 700 வாட் அளவு உள்ளே விடும். 50 மி.மீ. தடுப்பு போட்ட கூரையில் முப்பது சதுர மீட்டருக்கு மேல் சேர்ந்து விடுகிற வெப்பம் அது. வெளிச்சம் வேண்டுமானால் சுவரில் உயரமாக ஜன்னல் வையுங்கள்.

மாடிவாசி – ஏப்ரல் 10, காலை 8:00

வெள்ளை அடித்துவிட்டுப் பலன் உண்டா என்று எப்படி அளப்பது? அகச்சிவப்பு வெப்பமானி போதுமா?

வாட்டம் – ஏப்ரல் 10, காலை 9:45

போதும், ஆனால் எதை நோக்கி நீட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கருவி வீசுதிறன் 0.95 என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறது. பெயின்டுக்கும் காங்கிரீட்டுக்கும் சரி. பளபளத் தகட்டிலும் ஃபாயிலிலும் அது காட்டுவது எதிரே உள்ள பொருளின் பிம்பத்தை. ‘ஃபாயில் 33 டிகிரிதான்’ என்று படம் போடுகிற விளம்பரம் பாதி இப்படித்தான். அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பை அளக்க வேண்டும்.

முழு மாடிக்கும் அடிக்கும் முன் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரம் ஒன்று அடித்துப் பாருங்கள். கைப்பிடிச்சுவர் நிழல் விழாத இடமாக, கீழே ஒரே அறைக்குள் வருவதாக. மேற்பரப்பை மதியம் இரண்டு மணிக்கும், சீலிங்கை மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும், அடித்த இடத்திலும் அடிக்காத இடத்திலும். சதுரத்தின் நடுவில் அளக்க வேண்டும், ஓரத்தில் பக்கத்துச் சூடு காங்கிரீட் வழியே வந்து சேரும். முதல் நாள் எண்ணை நம்பாதீர்கள், தளத்துக்குள் பழைய சூடு மிச்சம் இருக்கும். மூன்றாம் நாள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

மாடிவாசி – ஏப்ரல் 10, காலை 10:05

இன்றைக்கே அடிக்கலாமா? மாடி இப்போதே சுடுகிறது.

வாட்டம் – ஏப்ரல் 10, காலை 10:12

இறங்குங்கள். சுடுகிற தளத்தில் பூச்சு பிடிக்கும் முன்பே தோல் கட்டும், குமிழி விடும். இன்று மாலை பாசியைச் சுரண்டிக் கழுவி, இரவெல்லாம் காயவிட்டு, நாளை காலை பனி உலர்ந்ததும் முதல் பூச்சு. எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். இரண்டாவது பூச்சு நாளை மறுநாள், முதல் பூச்சுக்குக் குறுக்காக. மறுநாள் மழை அறிகுறி இருந்தால் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.